இரட்டைக் கோடு

பேருவளையில் கல் வியாபாரியான ஹாஜியார் என் கல்லை முதலில் கையில் வாங்கவே இல்லை. தன் மேசையிலிருந்த சிர்கோன் கல் ஒன்றை லூப் கண்ணாடியோடு என்னிடம் நீட்டினார்.

"மேலால பாக்க வாணாம் மகன். உள்ளுக்குப் பாருங்க. அடிப்பட்டையில கோடு எத்தினண்டு சொல்லுங்க."

பட்டைகள் சேரும் விளிம்பு ஒவ்வொன்றும் தண்டவாளம் போல இரண்டாகத் தெரிந்தது. சிர்கோனுக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும். ஸ்பினலில் பிரியாது.

நான் கொண்டுபோனது இரத்தினபுரியில் ஸ்பினல் என்று வாங்கிய வெளிறிய ஊதாக் கல். ஆனால் மனதில் இருந்தது டாஃபைட். 1945இல் டப்ளின் நகைக்கடை ஒன்றில், பழைய நகைகளிலிருந்து கழற்றிய கற்களை இரத்தின ஆய்வாளர் ரிச்சர்ட் டாஃப் வாங்கினார். அதில் ஓர் ஊதாக் கல், ஒன்றரை காரட்டுகூட இல்லை. அடர்த்தி, ஒளிவிலகல் எண் எல்லாம் ஸ்பினலோடு ஏறக்குறைய ஒத்துப்போயின. கோடுகள் மட்டும் இலேசாக இரட்டித்தன. வேறொருவர் என்றால் கண் களைத்துவிட்டது என்று வைத்துவிட்டிருப்பார். டாஃப் அதை லண்டனில் இருந்த இரத்தினவியலாளர் ஆண்டர்சனின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அதுவரை எவரும் அறியாத கனிமம் அது; அதைத்தான் டாஃபைட் என்கிறார்கள். பட்டை தீட்டிய கல்லிலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் அதுதான். பெரிலியமும் மக்னீசியமும் அதில் சேர்ந்திருந்தன. அதை அறிய அந்தச் சின்னக் கல்லிலிருந்தே ஒரு துண்டை வெட்ட வேண்டியிருந்தது. டாஃப் சம்மதித்தார். எனக்கு அந்தச் சம்மதம்தான் மிகப் பெரியதாகப் படுகிறது.

பிறகுதான் தெரிந்தது, டாஃபைட் நம் இலங்கைச் சரளையிலும் கிடைக்கிறது என்று. அப்படியானால் எத்தனை கல் ஸ்பினல் விலைக்குக் கைமாறிப் போயிருக்கும்! பெயர் தெரிந்த பிறகு அதே கல்லுக்குப் பல மடங்கு விலை.

என் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரட்டிக்கும் கல்லிலும் சில திசைகளில் கோடு ஒன்றாகவே தெரியும். அதனால் ஒரு பக்கம் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. என் கல்லில் எல்லாப் பக்கமும் ஒற்றைக் கோடுதான்.

"ஸ்பினல்தான் மகன். நல்ல துப்புரவான கல்லு," என்று சொல்லி, ஒரு விலையும் சொன்னார். நியாயமான விலை. நான் கொடுக்கவில்லை.

எழும்பப் போனபோது இழுப்பறையிலிருந்து கடதாசிப் பொதி ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே முப்பது நாற்பது ஊதாக் கற்கள்.

"இதுகளையும் ஒருக்காப் பாத்துட்டுப் போங்க."

கதிரையை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.