ஆணியில்லா அடுக்கு

வீட்டில் ஒரு பொருள் இருக்கிறது. ஆயினும் வேண்டும்போது அது கைக்கு அகப்படவில்லை. அப்படியானால் அப்பொருள் இருக்கிறதா, இல்லையா? மதரஸாவில் மன்திக் ஓதிய காலத்தில் இத்தகைய வினாக்களை வைத்துக்கொண்டு நாம் மணிக்கணக்கில் வாதிட்டதுண்டு. இன்று நம்மைக் கேட்டால், அஃது இல்லாத பொருளே என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். இம்முடிவுக்கு நம்மைக் கொண்டு வந்தது கிதாபு அன்று. ஓர் இரும்பு அடுக்கு. அந்தக் கதையைச் சொல்ல நமக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் சிறுபிள்ளைகள் நடமாடும் வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் சொல்லத் துணிகிறோம்.

தருமபுரியில் நம் வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட்டு உண்டு. கார் இல்லை. வீடு கட்டியபோது, பிற்காலத்தில் உதவும் என்று கொத்தனார் சொன்ன சொல்லை நம்பி எழுப்பியது அது. பிற்காலம் வந்தது, கார் வரவில்லை. அதன் இடத்தில் புளிப்பானையும், அரிசி டிரம்மும், தேங்காய் மூட்டையும், பிள்ளைகள் வளர்ந்தபின் ஒதுக்கிய தொட்டிலும் குடியேறின. அவற்றோடு, மாமரப் பலகையால் செய்த ஓர் அடுக்கில், மறைந்த நம் அத்தாவின் கிதாபுகளும் இருந்தன.

அத்தா ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தவர். அவர் விட்டுச் சென்றவற்றுள் தஃப்சீர், ஃபிக்ஹு ஆகிய துறைகளின் பெருநூல்கள் பல. அவற்றைவிட நமக்கு அரியவை, அவர் கைப்பட அரபுத்தமிழில் எழுதிய 11 குறிப்பேடுகள். அரபு எழுத்தால் தமிழை எழுதும் அம்முறை நம் முன்னோர் வீடுகளில் கடிதத்துக்கும் கணக்குக்கும்கூட வழங்கியது. இன்று அதனைத் தடையின்றிப் படிப்போர் அருகிவிட்டனர். அச்சான நூல் அழிந்தால் வேறொரு பிரதியைத் தேடலாம். கையேடு அழிந்தால் அழிந்ததுதான்.

சென்ற ஐப்பசி மழைக்குப் பின் ஒருநாள், அடுக்கின் பின்புறச் சுவரில் மெல்லிய மண்கோடு ஒன்று ஏறியிருக்கக் கண்டோம். பலகை வெளிப்பார்வைக்கு முழுமையாகவே இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. பதறி எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தபோது, 11 ஏடுகளுள் 2 ஏடுகளுக்கு அட்டை மட்டுமே எஞ்சியிருந்தது. உள்ளே எழுத்து இருந்த இடத்தில் மண் இருந்தது.

அன்றிரவு நமக்கு உணவு இறங்கவில்லை. கரையான்மீது சினம் எழவில்லை. அது தன் இயல்பைச் செய்தது. அவ்விரண்டு ஏடுகளையும் நாம் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது என்று எண்ணிப் பார்த்தோம். எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அவற்றில் அத்தா என்ன எழுதியிருந்தார் என்பதும் நினைவில் இல்லை. உறுத்தியது அதுவே.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் நம் மகன் செய்தி அறிந்து, அடுத்த முறை வந்தபோது நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். அதில் 8 அரைக்கால்கள், 10 நீளச் சட்டங்கள், 10 குறுஞ்சட்டங்கள், மரத்தூளை அழுத்திச் செய்த 5 பலகைகள் ஆகியன இருந்தன. எவ்வளவு தேடியும் திருகாணி ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் போட மறந்துவிட்டார் என்றே நினைத்தோம். “இதுக்கு ஆணியே கிடையாது அத்தா, தட்டினா மாட்டிக்கும்” என்றார் மகன். விடுப்பு முடிந்துவிட்டதால் அடுத்த ஞாயிறன்று தாமே வந்து மாட்டித் தருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

துளையிட்ட கோண இரும்பில் ஆணி முறுக்கிப் பலகை தாங்கும் அடுக்குகளை நம்மூர் மளிகைக் கடைகளில் நெடுங்காலமாய்ப் பார்த்து வருகிறோம். அதன் வரலாறு சுவையானது. ஆஸ்திரேலியாவில் 1902இல் பிறந்த கிரேக்க மரபினர் டெமெட்ரியஸ் கொமினோ என்பவர் லண்டனில் அச்சகம் நடத்தினார். தேவை மாறும்போதெல்லாம் அடுக்குகளைப் பிரிப்பதும் புதிதாய்ச் செய்வதுமாகப் பொருள் வீணாவதைக் கண்டு, எப்படி வேண்டுமாயினும் கூட்டிப் பிரிக்கத்தக்க துளைக் கோண இரும்பை உருவாக்கினார். 1947இல் டெக்சியன் என்னும் பெயரில் அது வணிகத்துக்கு வந்தது. நூல் அச்சிடுபவரின் தேவையிலிருந்து பிறந்தது, பின்னர் உலகத்துச் சரக்கறைகளையெல்லாம் நிரப்பியது. பிரித்துக் கூட்டும் அந்த எண்ணத்தையே ஆணியும் இல்லாமல் நிறைவேற்றுவது நம் வீட்டுக்கு வந்த வகை.

மகன் சொன்ன ஞாயிறுவரை காத்திருந்திருக்கலாம். முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவனுக்கு நான்கு கால்களை நிறுத்தத் தெரியாதா என்ற எண்ணம் நம்மைக் காத்திருக்க விடவில்லை. பெட்டிக்குள் படங்களோடு ஒரு தாள் இருந்தது. அதை மடிப்புக் கலையாமல் ஓரமாக வைத்தோம். தேர்வறையில் வினாத்தாளைப் படிக்குமுன் விடையெழுதத் தொடங்கும் மாணவனை நாம் எத்தனை முறை கடிந்திருக்கிறோம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

லுஹருக்கும் அஸருக்கும் இடையில் வேலை முடிந்தது. அடுக்கு நின்றது. நமக்குப் பெருமிதம் பொங்கியது. அடுத்து அடுக்கும் வேலை. கிதாபுகளை எந்தப் பொருளுக்கும் கீழே வைக்கலாகாது என்பது நாம் சிறுவயது முதல் கற்ற அதபு. ஆகவே தஃப்சீரின் கனத்த தொகுதிகள் அனைத்தையும் உச்சித் தட்டில் ஏற்றினோம். அதற்கடுத்த தட்டில் ஃபிக்ஹு நூல்கள். நடுத்தட்டில் நம் பேத்தியின் சொப்புச் சாமான் பையும் சில்லறைப் பொருள்களும். கீழ்த்தட்டுகள் இரண்டும் ஏறத்தாழ வெறுமையாக இருந்தன.

இரண்டு நாள் அடுக்கு அப்படியே நின்றது. மூன்றாம் நாள் மாலை, நான்கு வயதுப் பேத்தி தன் சொப்புப் பையை எடுக்கக் கீழ்ச்சட்டத்தில் கால்வைத்து ஏறினாள். இரும்பு கிறீச்சிட்டது. வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நம் துணைவியார் ஓடிவந்து குழந்தையை இழுத்த அதே நொடியில், சட்டங்கள் கழன்று, மேல்தட்டுகள் இரண்டும் சரிந்து, அவ்வளவு நூல்களும் அவள் நின்ற இடத்தில் விழுந்தன. குழந்தையின் முழங்கையில் ஒரு கீறல்; அவ்வளவே. அல்ஹம்துலில்லாஹ்.

துணைவியார் சத்தம் போடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “கிதாபு உசரத்துல இருக்கணும்னு பார்த்தீங்க. புள்ள எந்த உசரத்துல இருக்கான்னு பார்க்கலையே” என்றார். நம்மிடம் விடை இல்லை.

பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிஸ், முதுமையில் தம் நூற்குவியல் சரிந்து விழுந்ததால் உயிர் துறந்தார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. அவர் மறைந்தது ஹிஜ்ரி 255இல். நூலைக் காதலித்தவரை நூலே கொன்றது என்று நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வோம். மாணவர் சிரிப்பர், நாமும் சிரிப்போம். அன்றிரவு அது நகைப்புக்குரிய செய்தியாகத் தோன்றவில்லை.

ஞாயிறன்று மகன் வந்தார். நடந்ததைக் கேட்டு ஒரு சொல்லும் சொல்லாமல், மடிப்புக் கலையாத அந்தத் தாளை எடுத்து நம் கையில் கொடுத்தார். அன்று அவர் உஸ்தாது, நாம் மாணவர்.

நாம் செய்த பிழை முதற்படத்திலேயே இருந்தது. கால்களில் வரிசையாக உள்ள துளைகள் வட்டமானவை அல்ல. மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருப்பவை. சட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள குமிழை அகன்ற வாயில் நுழைத்து, ரப்பர் சுத்தியலால் மேலிருந்து தட்டினால், அது ஒடுங்கிய பகுதிக்கு இறங்கி இறுகிக்கொள்ளும். பின்னர்ச் சுமை ஏற ஏறப் பிடியும் இறுகும். ஆணி செய்ய வேண்டிய வேலையைச் சுமையே செய்துவிடுகிறது. நாமோ கால்களைத் தலைகீழாக நாட்டி, குமிழ்களைக் கீழிருந்து மேல்நோக்கி அடித்து ஏற்றியிருந்தோம். சுமை ஏறியதும் அவை அகன்ற வாய்க்கே இறங்கி வந்து, ஓர் உதைக்காகக் காத்திருந்தன. பிடியை இறுக்க வேண்டிய பாரமே நம் அறியாமையால் பிடியைத் தளர்த்திற்று.

இரண்டாம் பிழை பாரத்தை அடுக்கிய முறை. ஒரு மீட்டர் நீளத்துக்கு நெருக்கி அடுக்கிய நூல்கள் சாதாரணமாக 30 கிலோ வரை நிற்கும். பெரிய அரபுத் தொகுதிகள் அதற்கும் மேல். அவ்வளவையும் உச்சியில் ஏற்றி அடியை வெறுமையாக விட்டால் எந்த அடுக்கும் சாயக் காத்திருக்கும். மூன்றாவது பிழை, சுவரோடு பிணைக்காதது. திருகில்லா அடுக்குக்கும் சுவரில் பிடிக்க மட்டும் ஒரு திருகாணி வேண்டும் என்றார் மகன்.

தரையின் மேடுபள்ளம் பார்த்தோம். எதிரெதிர் மூலைகளை நூல்பிடித்து அளந்து, இரண்டு அளவும் ஒத்திருந்த பின்னரே தட்டினோம். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி நிறுத்தி, எல் வடிவ இரும்பால் பிணைத்தோம். இடைவெளி எதற்கென்றால், கரையான் இரும்பைத் தின்னாதே தவிர, இரும்பின்மேல் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறிப் பலகையை அடையவல்லது. இரும்பு வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. கால்களை வாரந்தோறும் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு இடம் வேண்டும்.

சுத்தியல் ஓசைக்கிடையே நமக்கு ஸூரத்துஸ் ஸபா நினைவுக்கு வந்தது. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதும், கவசத்தின் கண்ணிகளை அளவறிந்து இணைக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதும் அதில்தான் வருகின்றன. சில வசனங்கள் கடந்து, சுலைமான் நபி (அலை) அவர்களின் கைத்தடியை அரித்த பூச்சியும் அதிலேயே வருகிறது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம், ஓதிக் கொடுத்திருக்கிறோம். இரும்பும் கரையானும் ஒரே ஸூராவில் அருகருகே இருப்பதை நம் கார் ஷெட்டில் நின்றுதான் உணர்ந்தோம்.

இனி அடுக்குவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அதபையும் விட முடியாது, பாரத்தையும் மறக்க முடியாது. மகன் ஒரு வழி சொன்னார்: “மேல வைக்கிறது மதிப்பா இருந்தாப் போதும் அத்தா, கனமா இருக்கணும்னு இல்லையே.” ஆகவே உச்சித் தட்டில் முஸ்ஹபும் அத்தாவின் ஏடுகளும். அவை இலேசானவை. அடுத்த இரண்டு தட்டுகளில், நம் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில், நூல்களைத் தட்டு முழுதும் பரவலாக வைத்தோம். அரிசி டிரம்மும் புளிப்பானையும் அடித்தட்டுக்கு வந்தன. அதற்கு மேல்தட்டை, பேத்தியின் கை எட்டும் உயரத்தில் இருப்பதால், அவளுக்கென்று விட்டோம்.

இதில் நாம் கற்றது ஒன்று உண்டு. முதல்முறை அடுக்கியபோது வைப்பவனாக நின்றே அடுக்கினோம், எடுப்பவரை எண்ணவில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை வைத்தார். இவ்வுண்மை நம் மாவட்டத்துக்கும் புதியதன்று. இது தகடூர் மண்ணல்லவா! அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மெருகு குலையாத வேல்களைக் கண்டு, எம் மன்னனின் வேல்களோ பயன்பட்டுப் பயன்பட்டு முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்னும் கருத்தில் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. புகழ்வதுபோல் இகழ்ந்த அப்பாட்டை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் தொண்டைமானைக் குறித்தே சிரித்தோம். அத்தாவின் ஏடுகளைப் பூட்டிப் போற்றி, படிக்காமல் கரையானுக்குக் கொடுத்த தொண்டைமான் நாமே என்பதை அறியவில்லை.

எஞ்சிய 9 ஏடுகளும் இப்போது வெறுமனே அடுக்கில் இருப்பதில்லை. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் மாணவர் இருவர் வருகின்றனர். அவர்களுக்கு அரபுத்தமிழ் எழுத்தைக் கற்பித்து, ஓர் ஏட்டை இறக்கி, தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதச் செய்கிறோம். முதல் ஏட்டில் பெரும்பகுதி, எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், யாருக்கு எவ்வளவு உதவி போயிற்று என்ற குறிப்புகள். அத்தா ஊரை எப்படிச் சுமந்தார் என்பதை அவர் மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அறிகிறோம். போன இரண்டு ஏடுகளில் என்ன இருந்ததோ, அதனை அல்லாஹ்வே அறிவான்.

மாணவர் எழுதிக்கொண்டிருக்கும்போது நாம் குனிந்து அடுக்கின் கால்களைப் பார்க்கிறோம், மண்கோடு ஏதும் ஏறியிருக்கிறதா என்று. பேத்தியும் அருகில் வந்து குனிகிறாள். “நன்னா, பூச்சி வந்துருச்சா?” என்கிறாள். இல்லை என்றதும், ஏறாமலே எட்டும் தன் தட்டிலிருந்து சொப்புப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.