விரல் பழகும் வேலை

திருவாரூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தபோது ஊசி போடுவதும் பிரஷர் பார்ப்பதும் எனக்குக் கைவந்திருந்தன. மார்பகப் பரிசோதனை வரவில்லை. பயிற்சியில் கொடுத்தது ஒரு சிலிகோன் மாதிரி. உள்ளே பட்டாணி அளவில் கட்டிகளைப் புதைத்திருப்பார்கள். ஒரு மதியத்துக்குள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். நிஜ உடம்பு வேறு என்பதைத் துணை சுகாதார நிலையத்தில் இருந்த மூத்த செவிலியர் அக்காதான் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

முதலில் கையால் தொடவிடவே மாட்டார். “கண்ணால பாரு” என்பார். வந்தவரை உட்காரவைத்து, கைகளைத் தொங்கவிடச் சொல்லி, பிறகு தூக்கச் சொல்லி, இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும். கையைத் தூக்கும்போது ஒரு பக்கத் தோல் மட்டும் குழிவிழுகிறதா? காம்பு புதிதாக உள்ளிழுத்திருக்கிறதா? தோல் தடித்து ஆரஞ்சுப் பழத் தொலிபோலப் புள்ளிபுள்ளியாக இருக்கிறதா? ஆறாத புண், ரத்தக் கசிவு உண்டா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் படுக்கவைத்து, தோளுக்கடியில் மடித்த துண்டை வைத்து, கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்வோம்.

நடுவிலுள்ள மூன்று விரல்கள். அவற்றின் நுனி உதவாது. நுனிக்குச் சற்றுக் கீழே உள்ள சதைப்பகுதிதான் வேண்டும். சின்னச் சின்ன வட்டமாக, ஒவ்வொரு இடத்திலும் லேசாக, நடுத்தரமாக, விலா எலும்பு தட்டும் வரை என்று மூன்று அழுத்தம். விரலை எடுக்காமல் நகர்த்த வேண்டும். காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் அடிமடிப்பைத் தாண்டி, நடுநெஞ்சிலிருந்து அக்குள் வரை, மேலும் கீழுமாக வரிசை வரிசையாக. “எடுத்து எடுத்து வெச்சா நடுவுல விட்டுப்போயிடும்” என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்துவார். அக்குளை ஒட்டிய மேல்புற வெளிப்பகுதியில் கூடுதல் நேரம் நிற்கச் சொல்வார். மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி அந்தப் பகுதியில்தான் தொடங்குகிறது.

குழப்பம் எங்கே என்றால், ஒன்றுமில்லாத மார்பகமே சாக்குக்குள் இருக்கும் நிலக்கடலையைத் தடவியதுபோலத்தான் கைக்குப் படும். எதைக் கட்டி என்பது? மற்றப் பக்கத்தில் அதே இடத்தைத் தொட்டுப் பார் என்பதுதான் அக்காவின் விடை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் பெரும்பாலும் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், நகராமல் இருந்தால் அனுப்பு. வழுக்கி ஓடுகிற உருண்டையையும் அனுப்பு. முடிவு சொல்வது நம் வேலை இல்லை.

கைப் பரிசோதனை எதற்கு, மேமோகிராம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு மும்பை ஆய்வைச் சொல்வேன். டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் தொடங்கி 1,51,538 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அங்கே பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதைவிட இளையவர்களில் இறப்பு அப்படிக் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

விரலைவிடக் கடினமானது ஆளை வரவழைப்பது. மார்புக்கென்று கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். பிரஷர், சுகர் பார்க்க வருகிறவரிடம், கதவைத் தாழிட்டு, மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அக்டோபர் விழிப்புணர்வு மாதம் என்று நகரத்தில் இளஞ்சிவப்புப் பலூன் கட்டுகிறார்கள். டெல்டாவில் அது சம்பா நடவுக் காலம், பெண்கள் வயலில் இருப்பார்கள். பலூனைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

நடவுக்குப் போகிற ஒருவருக்குக் கட்டி தட்டுப்பட்டது. “வலிக்கவே இல்லையே சிஸ்டர், வலிச்சாத்தானே ஆஸ்பத்திரி?” என்றார். வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அக்கா சொன்னார். புற்றுநோய் என்றும் சொல்லவில்லை, ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. “இது என்னன்னு எனக்குத் தெரியாது. படம் எடுத்து, ஊசியில சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஊசி குத்தினா பரவாது” என்றவர், மறுநாள் பஸ்ஸில் கூடவே போனார். முடிவு சாதாரணக் கட்டி என்று வந்தது. “இதுக்கா என் கூலி போச்சு?” என்று அந்தப் பெண் கோபித்துக்கொண்டார்.

கோபம் நியாயமானது. பெண்களுக்கு விவரம் தெரியாது என்று மேடையில் பேசுவது சுலபம். விவரம் தெரிந்தும் கூலியையும் பஸ்ஸையும் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போடுகிறவர்களே நான் பார்த்ததில் அதிகம். அதனால் பதிவேட்டில் பெயரை எழுதி அனுப்பியதோடு பரிசோதனை முடிந்ததாக அக்கா கருதுவதில்லை. போனாரா, பயாப்ஸி முடிவு வந்ததா என்று போன் செய்துகொண்டே இருப்பார். எனக்கும் இப்போது அதே பழக்கம்.

30 வயதைக் கடந்த பெண்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். அரசு சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. பிரஷர் பார்க்கப் போகும்போது நீங்களே கேளுங்கள். இடையில் கட்டி தட்டுப்பட்டால் அந்த 5 ஆண்டுக்குக் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே வாருங்கள்.