நிஞ்சா கையில நம்மூர் சரக்கு

எங்க ஊர்ல வீடியோ கேம்னா ரொம்ப நாளைக்கு ஒரே அர்த்தம்தான். டிவி பின்னாடி ஒயரைச் சொருகி, கேசட்டை வாயால ரெண்டு ஊது ஊதிப் போட்டா வர்ற கான்ட்ரா, மாரியோ. அதுலயே நான் பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. 2021-ல ஒர்க் ஃப்ரம் ஹோம்னு பெங்களூர்லேர்ந்து மூட்டையைக் கட்டிக்கிட்டு சிவகாசிக்கு வந்தப்ப, கூட வேலை பாத்த நண்பன் ஒருத்தன் தன்னோட பழைய பிஎஸ்4-ஐ என் தலையில கட்டினான். கூடவே ஒரு டிஸ்க். "இதை முடிச்சிட்டு வா, அப்புறம் பேசுவோம்"னான். 'செகிரோ: ஷாடோஸ் டை ட்வைஸ்'.

தெரியாதவங்களுக்கு சின்ன அறிமுகம். 2019 மார்ச்ல வந்த கேம். ஜப்பான்காரங்க ஃப்ரம்சாஃப்ட்வேர் பண்ணது, இயக்கம் ஹிடெடாகா மியாசாகி. அந்த வருசம் 'தி கேம் அவார்ட்ஸ்'ல சிறந்த கேம் விருதும் வாங்குச்சு. ஹீரோ பேர் ஓநாய். ஷினோபி, அதாவது நிஞ்சா. ஆரம்பத்துலயே ஒருத்தன் அவனோட இடது கையை வெட்டிப்புடுறான். பாழடைஞ்ச கோயில்ல உக்காந்து புத்தர் சிலை செதுக்கிக்கிட்டு இருக்கிற ஒரு கிழவர், அவரும் ஒத்தைக் கைதான், அவனுக்கு ஒரு பொய்க்கை மாட்டி விடுறார். இனிமே அதை வச்சுப் பொழச்சுக்க வேண்டியதுதான்.

ஈஸி, மீடியம், ஹார்டுன்னு எதுவும் கிடையாது. துணைக்கு ஆள் கூப்பிடவும் முடியாது. செத்தா கையில இருக்கிற காசுல பாதி போயிரும். முதல் வாரம் எத்தனை தடவை செத்தேன்னு எண்ணவே இல்லைங்க, எண்ணி என்ன ஆகப்போகுது :)

இந்த கேமோட சூட்சுமம் உயிர் மீட்டர்ல இல்லை. 'போஸ்ச்சர்'னு இன்னொரு பட்டை இருக்கு. எதிரி வெட்டுறப்ப கரெக்டா அந்த நொடியில எல்1 அழுத்தினா கத்தியும் கத்தியும் மோதி அவனோட பட்டை ஏறும். நிரம்புச்சுன்னா ஒரே குத்துல ஆள் காலி. இதுல ஒரு வில்லங்கம் என்னன்னா, நாம பயந்து பின்னாடி ஓடுற நேரத்துல அந்தப் பட்டை பாட்டுக்கு இறங்கிரும். புதுசா ஆடுற எவனுக்கும் கை தானா பின்னாடிதான் இழுக்கும். இந்த கேம்ல அப்படி இழுத்தா மறுபடி முதல்லேர்ந்து. பழகறதுக்குன்னே கோயில் வாசல்ல ஹன்பேன்னு ஒரு சாகாத ஆள் நிக்கிறான், எத்தனை தடவை வெட்டினாலும் எந்திரிச்சிருவான். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, ஆபீஸ் மாதிரி தினம் அரை மணி நேரம் அவன்கிட்ட போங்க.

எனக்கு வாத்தியாரா வாய்ச்சது ஹன்பே மட்டும் இல்லை. எங்க சித்தப்பா.

சித்தப்பா பயர் ஆபீஸ்ல மருந்து கலக்குறவரா இருந்தார். வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்னு விடியக்காலையிலயே போயிருவார். நான் எட்டாப்பு படிக்கிறப்ப ஒருநாள் உராய்வுல மருந்து பத்திக்கிச்சு. இடது கையில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிச்சம். ரெண்டு வருசம் கழிச்சு 2012 செப்டம்பர் 5 அன்னிக்கு முதலிப்பட்டி வெடிவிபத்துல 30 பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. அன்னிக்கு ராத்திரி சித்தி, "விரலோட போச்சே"ன்னு சொல்லிச் சொல்லி அழுதது இன்னும் காதுல இருக்கு. சித்தப்பா இப்ப காலண்டர் ஆபீஸ் ஒண்ணுல கணக்குப் பாக்கிறார்.

நான் ஆடுறப்ப பின்னாடி நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவார். பொய்க்கையை மாட்டுற காட்சி வந்தப்ப ஒண்ணும் சொல்லலை, கொஞ்சம் முன்னாடி நகந்து உக்காந்தார். நாலஞ்சு நாள் நான் சாகுறதைப் பாத்துட்டு ஒருநாள் சொன்னார்.

"தம்பி, நீ கண்ணால பாத்து அடிக்கிற. சத்தம் ரெண்டு மாதிரி வருது பாரு. ஒண்ணு 'தட்'டுங்குது, ஒண்ணு 'ணங்'குங்குது."

உண்மைதான். சும்மா தடுத்தா ஒரு சத்தம், சரியான நொடியில தட்டிவிட்டா வேற சத்தம், பொறியும் பெரிசாத் தெறிக்கும். அன்னிக்கு ராத்திரி டிவி வால்யூமைக் கூட்டி வச்சுக்கிட்டு ஆடினேன். கவராடான்னு ஒரு தளபதி, மூணு நாளா என்னைத் துவைச்சுக் காயப்போட்டவன், ஒரு மணி நேரத்துல விழுந்தான். நடுவுல சித்தப்பாகிட்ட கன்ட்ரோலரைக் குடுத்தேன். எல்1 பட்டனுக்கு ஆள்காட்டி விரல் ஒண்ணு போதும். ஹன்பேகிட்ட நாலு 'ணங்'கு வாங்கினார். முகத்துல ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், திருப்பிக் குடுத்துட்டார்.

அப்புறம்தான் நம்ம சரக்கு வருது. வழியில ஒரு வியாபாரி 500 காசுக்கு 'ராபர்ட்டின் வெடி'ன்னு ஒண்ணு விக்கிறான். வாங்கிட்டுப் போனா சிலை செதுக்குற பெரியவர் அதைப் பொய்க்கைக்குள்ள வச்சுக் குடுத்துருவார். அடுத்து வர்ற கியோபுன்னு குதிரை மேல வர்ற பாஸுக்கு முன்னாடி அதைக் கொளுத்திப் போட்டா, படபடபடன்னு வெடிச்சு குதிரை மிரண்டு நின்னுடும். அந்த நேரத்துல நாலு வெட்டு வெட்டிக்கலாம். 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சரவெடிக்குத் தடை போட்டதுக்கப்புறம் எங்க தெருவுல தைரியமா சரம் கொளுத்தினவன் நான் ஒருத்தன்தான் :)

"புகை கம்மியா இருக்கே, என்ன மருந்து போட்டிருப்பான்?"ன்னு சித்தப்பா ரொம்ப சீரியஸா யோசிச்சார்.

யாருடா அந்த ராபர்ட்னு எனக்கும் ஒரு கேள்வி இருந்துச்சு. மலைக்கோயிலுக்குப் போற வழியில ஒரு பாலம். அதுல உடம்பு முழுக்க இரும்புக் கவசம் போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நிக்கிறார். கத்தி இறங்காது. பட்டையை நிரப்பி, பாலத்துலேர்ந்து கீழ உதைச்சுத் தள்ளுறது ஒண்ணுதான் வழி. தள்ளினேன். "ராபர்ட்"னு கத்திக்கிட்டே பள்ளத்துல விழுந்தார்.

"என்ன பேரு சொன்னான்?"

"ராபர்ட், சித்தப்பா. அந்த வெடி அவர் மகனோடது. மகனுக்காக சாகாவரம் தேடிக் கடல் தாண்டி வந்தவராம்."

சித்தப்பா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தார். என் காலேஜ் முதல் வருச ஃபீஸ்ல பாதி அவருக்கு விபத்துல வந்த காசு. அதைப் பத்தி எங்க வீட்டுல யாரும் பேசிக்கிறதில்லை. நானும் அன்னிக்குப் பேசலை, சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ணிட்டேன்.

கடைசி பாஸ் இஷின். முதல்ல கெனிச்சிரோவை முடிக்கணும், அப்புறம் கிழவரோட மூணு ரவுண்டு. பதினோரு நாள் ஆச்சு. ஜெயிச்சப்ப ராத்திரி ரெண்டு மணி, சித்தப்பா தூங்கிட்டார், எழுப்பலை. காலையில டீ குடிக்கிறப்ப சொன்னேன்.

"வெடி போட்டியா?"ன்னார்.

"ரெண்டு தடவை போட்டேன் சித்தப்பா."

"அதானே"ன்னுட்டு பேப்பரைப் பிரிச்சார்.