சட்டைப் பையில் ஒரு மரக்கட்டை

ஜெஃப் ஹாக்கின்ஸ் கொஞ்ச காலம் சட்டைப் பையில் ஒரு மரக்கட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். பாம் என்ற கம்பெனியைத் தொடங்கியவர். பைக்குள் அடங்கும் அளவுக்குத் தானே அறுத்தெடுத்த கட்டை அது. சாப்ஸ்டிக் ஒன்றை வெட்டிப் பேனாவாக வைத்துக்கொண்டார். யாராவது மீட்டிங்குக்கு நேரம் கேட்டால் கட்டையை வெளியே எடுப்பார், குச்சியால் தட்டுவார், அன்றைக்கு ஓய்வு உண்டா என்று உற்றுப் பார்ப்பார். எதிரில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கட்டை இப்போது கலிஃபோர்னியாவில், மவுண்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் மரியாதையாக இருக்கிறது.

மரக்கட்டையிடம் ஒரு சௌகரியம், அது எதையும் செய்யாது. நாம் அதை எதற்காக எடுத்தோம் என்பது மட்டும்தான் மிஞ்சும். இன்றைக்கு என்ன வேலை, அவருடைய போன் நம்பர் என்ன, மறக்காமல் செய்ய வேண்டியது எது, அப்புறம் ஒரு குறிப்பு. அந்தக் கட்டைக்குப் பின் 1996இல் பாம் வெளியிட்ட பைலட் என்ற கைக்கருவியின் முகத்தில் இந்த நாலுக்கும் நாலு பொத்தான்கள் இருந்தன. அமுக்கியதும் திரை வந்துவிடும். விழித்தெழ நேரம் எடுத்துக்கொள்ளாது. இரண்டு சின்ன பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும்.

எனக்குப் பிடித்தது அதன் எழுத்து. ஆப்பிளின் நியூட்டன் 1993இலேயே வந்திருந்தது. ‘உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், நான் படித்துக்கொள்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்து வந்த கருவி. படிக்கத்தான் வரவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த டூன்ஸ்பரி என்ற கார்ட்டூன் தொடர் அதைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியது. பிற்பாடு அது ஓரளவு ஒழுங்காகவே படிக்கக் கற்றுக்கொண்டது. ஆனாலும் போன மானம் திரும்பவில்லை, 1998இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கு மூடுவிழா நடத்தினார். ஹாக்கின்ஸும் கையெழுத்தைப் படிக்கும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர்தான். அந்த அனுபவத்தில், பேரத்தைத் திருப்பிப் போட்டார். இயந்திரம் உங்களைக் கற்க வேண்டாம், நீங்கள் கொஞ்சம் இயந்திரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்துக்கு கிராஃபிட்டி என்று பெயர். பேனாவைத் தூக்காமல் ஓர் எழுத்துக்கு ஒரே இழுப்பு. ஆங்கில ஏ என்றால் நடுக்கோடு கிடையாது, மேலே கூடும் இரண்டு சாய்கோடுகள்தான். டிக்கு வலப்பக்கம் இழுத்துக் கீழே இறக்க வேண்டும். கே, மீனை வரைவது போல ஒரு சுழி. இடமிருந்து வலம் ஒரு கோடு போட்டால் இடைவெளி, வலமிருந்து இடம் போட்டால் அழிப்பு. ஒரே கட்டத்துக்குள், எழுத்தின் மேல் எழுத்தாக எழுதிக்கொண்டே போகலாம். பழகுவதற்கென்று ஒரு விளையாட்டைக்கூட வைத்திருந்தார்கள். மேலிருந்து எழுத்துகள் விழும், தரைக்கு வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

எங்கள் சித்தப்பா அந்த விளையாட்டைச் சீந்தவே இல்லை. ஜில்லா கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். நியூ ஜெர்சியிலிருந்து வந்த மகன் தன் பழைய பாமை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். அட்டையில் அச்சிட்டிருந்த எழுத்துகளைக் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கவில்லை. சாயங்காலம் நான் போனபோது பால் கணக்கை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

“கஷ்டமா இல்லையா சித்தப்பா?”

“இதுல என்னடா கஷ்டம்? பிட்மேன் சுருக்கெழுத்துல கோடு மெலிஞ்சா ஒரு சத்தம், தடிச்சா வேற சத்தம். கோட்டுக்கு மேல எழுதினா ஒண்ணு, கோட்டு மேலேயே எழுதினா இன்னொண்ணு. இது பாவம், அழுத்தினாலும் அதுதான், அழுத்தாட்டியும் அதுதான். ஜட்ஜ் சொல்ற வேகத்துக்குத் தாங்காது. பால் கணக்குக்குத் தாங்கும்.”

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மர பெஞ்சில் வருஷக்கணக்கில் சுருக்கெழுத்து பயின்ற தலைமுறைக்கு, ஒரு கருவிக்காகக் கையைப் பழக்குவது கௌரவக் குறைச்சலாகத் தோன்றியதே இல்லை. அதை ஒரு தேர்ச்சியாகத்தான் நினைத்தார்கள். டைப்ரைட்டர் மட்டும் என்ன, யாருடைய விரலுக்கும் வளைந்து கொடுத்ததா?

இத்தனைக்கும் சித்தப்பா புதுமைப் பிரியர் இல்லை. பெரியார் 1935இலேயே குடிஅரசில் எழுதிக் காட்டிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்டது. லையும் ணையும் னையும் தும்பிக்கை போன்ற பழைய வளைவை இழந்தன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் சுமை குறைந்தது. நியாயமான மாற்றம்தான். சித்தப்பா மட்டும் கடைசிவரை தும்பிக்கை வைத்த லையைத்தான் எழுதினார். ஓர் இயந்திரத்துக்காக ஏவின் நடுக்கோட்டை அரை நாளில் விட்டுக்கொடுத்த மனிதர், அரசாங்கத்துக்காக ஒரு தும்பிக்கையைக்கூட விடவில்லை. இரண்டையும் ஒரே கை எழுதியது. இதற்கு எனக்கு இன்றுவரை விளக்கம் இல்லை, தேடவும் இல்லை.

கிராஃபிட்டிக்கு நல்ல சாவு வாய்க்கவில்லை. ஒரே இழுப்பில் எழுதும் யோசனை எங்களுடையது என்று ஜெராக்ஸ் வழக்குப் போட்டது. வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, 2003இல், பாம் வேறோர் எழுத்து முறைக்கு மாறியது. அதில் டி, ஐ போன்ற சில எழுத்துகளுக்கு இரண்டு கோடு. நம் பள்ளிக்கூட எழுத்துக்கு நெருக்கமாக இருந்ததால் இது சுலபம் என்றார்கள். பழையதில் கை ஊறியவர்கள் முணுமுணுத்தார்கள்.

அதே பாம்தான் 2009இல் வெப்ஓஎஸ் என்ற போன் இயங்குதளத்தைக் கொண்டுவந்தது. திறந்திருக்கும் வேலைகளைச் சீட்டுகளாகப் பரப்பி, வேண்டாததை மேலே தள்ளிவிடும் ஏற்பாடு. அழகான யோசனை. ஹெச்பி மறுவருஷம் கம்பெனியை வாங்கியது, அதற்கடுத்த வருஷம் போனையும் டேப்லெட்டையும் கைவிட்டது. கடைசியில் அந்த ஓஎஸ் எல்ஜி டிவிக்குள் போய் உட்கார்ந்தது. ஆனால் சீட்டுகளை மேலே தள்ளும் பழக்கம் சாகவில்லை. 2017இல் ஐபோன் எக்ஸ் முகத்திலிருந்த ஒரே பொத்தானையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் விரலால் தள்ளு என்றது. பின்னாலேயே ஆண்ட்ராய்டும் போனது.

எனக்கு எரிச்சல் இங்கேதான். தள்ளுவதைக் கற்பதில் தடையில்லை. சித்தப்பா வம்சத்துக்கு அது ஒரு பொருட்டா? என்ன கற்க வேண்டும் என்று இந்தத் திரைகள் வாய் திறப்பதில்லை. கீழிருந்து சட்டென்று தள்ளினால் ஒன்று, தள்ளி நிறுத்தினால் வேறொன்று. வல மூலையிலிருந்து இழுத்தால் வருவது இட மூலையிலிருந்து இழுத்தால் வராது. திரை என்னவோ துடைத்து வைத்ததுபோல் சுத்தமாகத்தான் இருக்கிறது. எளிமை என்று அதைத்தான் சொல்கிறார்கள். பைலட்டோடு எழுத்துகளை அச்சிட்டு ஓர் அட்டை வந்தது. முதல் ஐபோன்கூடப் பூட்டைத் திறக்க எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, மினுக்கி, எழுத்திலேயே சொன்னது. அந்த வரியை 2016இல் எடுத்துவிட்டார்கள்.

ஆண்ட்ராய்டின் பழைய மூன்று பொத்தான்களையும் குறை சொல்லலாம். பின்னால் போகும் பொத்தானை கூகுள் இடப்பக்கம் வைத்தால் சாம்சங் வலப்பக்கம் வைக்கும். போனை மாற்றினால் கட்டை விரல் தடுமாறும். இருந்தாலும் அவை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தன. இன்றும் செட்டிங்ஸுக்குள் நேவிகேஷன் என்று தேடினால் அவற்றைத் திரும்பக் கொண்டுவரலாம். எங்கள் தெருவில் யார் வீட்டுப் பெரியவருக்குப் புதுப் போன் வந்தாலும் அது முதலில் என்னிடம் வந்துவிட்டுத்தான் போகும். ஐபோனைக் கொண்டுவருபவர்களை மட்டும் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.