வாங்கெலிஸ் விரலும் என் பொண்ணு காதும்

முன்னாடியே சொல்லிடறேன், இது கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. சத்தத்துல ஆர்வம் இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

'பிளேட் ரன்னர்' (1982) படத்தோட ஆரம்பம் ஞாபகம் இருக்கா? இருட்டுல லாஸ் ஏஞ்சலீஸ், அங்கங்க குபுக்குன்னு கிளம்புற நெருப்பு. அதுக்கு மேல எக்காளமும் இல்லாம வயலினும் இல்லாம ஒரு சத்தம் மெதுவா விரிஞ்சு வரும். வாங்கெலிஸ் லண்டன்ல தன்னோட நீமோ ஸ்டூடியோவுல வாசிச்சது. படம் வந்து பன்னெண்டு வருஷம் கழிச்சு, 1994லதான் அவரோட ஒரிஜினல் இசை முறையான ஆல்பமா வந்துச்சு. அந்தச் சத்தத்தை வீட்டுல செஞ்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கிறுக்கு.

கருவி எதுங்கறது ரகசியம் இல்லை. யமஹா சி.எஸ்-80. எழுபதுகளோட பின்பாதியில வந்த ராட்சசன். தனியாளா தூக்கினா இடுப்பு போயிடும். எங்கிட்ட இருக்கறது ஒரு மலிவு விலை கீபோர்டும், இலவசமா கிடைக்கிற சர்ஜ் எக்ஸ்டி மென்பொருளும்தான்.

முதல்ல அலை எதுன்னு பாக்கணும். 110 ஹெர்ட்ஸ்ல ஒரு சுரம் பிடிச்சா, சதுர அலையில 330, 550ன்னு ஒத்தைப்படை மடங்குகள் மட்டும்தான் இருக்கும். சத்தம் உள்ள காலியா, ஒரு கூடு மாதிரி கேக்கும். ரம்பப்பல் அலையில 220, 330, 440ன்னு எல்லா மடங்கும் உண்டு, அதனால பித்தளை வாத்தியம் மாதிரி ஒரு கரகரப்பு. நம்மாளு ரம்பப்பல். ரெண்டு அலையை வெச்சு, ஒண்ணை மட்டும் இம்மி சுருதி விலக்கினா அந்த அலையடிப்பு வந்துடுது. மேல நீளமா எதிரொலி. ஒரே ராத்திரியில முக்கால்வாசி முடிஞ்சுது, எனக்குக் காது சும்மா பாம்புக் காதுன்னு வேற நினைச்சுக்கிட்டேன்.

மீதி கால்வாசிக்கு மூணு வாரம்.

ஒரிஜினல்ல சத்தம் மங்கலா ஆரம்பிச்சு, நடுவுல பிரகாசமாகி, திரும்ப அடங்கும். மேல்சத்தத்தை வெட்டுற ஃபில்டர் மெதுவா திறந்து மூடுது, அவ்வளவுதானேன்னு நேரத்தைக் கணக்குப் பண்ணி வெச்சேன். பொருந்தலை. வேகத்தைக் கூட்டினேன், குறைச்சேன். ஒரு சுரத்துக்குச் சரியா வந்தா அடுத்த சுரத்துக்கு உதைக்குது. அப்புறம் ஹெட்ஃபோன்ல ஒவ்வொரு சுரமா கேட்டப்பதான் உறைச்சுது, எந்த ரெண்டு சுரமும் ஒரே மாதிரி விரியலை. அது கருவியில திருகி வெச்ச அளவே இல்லை. சி.எஸ்-80ல கட்டையை அழுத்தின பிறகும் விரலை இன்னும் அமுக்கினா சத்தம் திறக்கும், அதுவும் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியா. நாகஸ்வரக்காரர் மூச்சைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி அந்த மனுஷன் விரலால ஃபில்டரைத் திறந்து மூடியிருக்கார். நான் மூணு வாரமா ஒரு விரலோட அழுத்தத்துக்குக் கணக்கு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்!

என் கீபோர்டுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. அதனால ஃபில்டரை இடது கை சக்கரத்தோட இணைச்சேன். வலது கை வாசிக்க, இடது கை சக்கரத்தைத் தள்ள... வந்துச்சுங்க. நிஜமா மயிர்க்கூச்செறிஞ்சுது.

சக்கரம் முழுசா மேல போனா ஃபில்டர் எவ்வளவு திறக்கணும்னு ஒரு எல்லை வைக்கணும். திருகிக்கிட்டே போனேன். ஒரு இடத்துக்கு மேல வித்தியாசம் தெரியலை, சரி போதும்னு அங்கயே விட்டுட்டேன்.

எட்டாவது படிக்கிற பொண்ணைக் கூப்பிட்டுப் பெருமையா வாசிச்சுக் காட்டினேன். சக்கரம் மேல போனதும் முகத்தைச் சுளிச்சா.

"அப்பா, கீச்சுன்னு ஒரு விசில் வருது. காது வலிக்குது."

"விசிலா? எங்க?"

"இப்பகூட வருதே!"

எனக்கு ஒண்ணுமே கேக்கலை. அலைவரிசை காட்டுற படத்தைத் திறந்து பாத்தா, 14,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஊசி மாதிரி நிக்குது. ஃபில்டரோட ரெசொனன்ஸை நான் ஏத்தி வெச்சிருந்தேன், அது போற இடத்துலல்லாம் விசிலடிச்சிருக்கு. சந்தேகத்துக்கு வெறும் சுரங்களை ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தோம். 10,000 கேட்டுச்சு. 12,000ல எனக்கு நிசப்தம். அவ 16,000 வரைக்கும் கையைத் தூக்கிக்கிட்டே இருந்தா. வயசானா மேல இருந்துதான் காது உதிரும்னு படிச்சிருக்கேன், ஆனா அது வேற யாருக்கோன்னு இருந்தேன். இத்தனை வருஷமா 'இந்தப் பாட்டுல இந்தச் சத்தம் இதுதான்'னு நண்பர்கள்கிட்ட அடிச்சுப் பேசினதெல்லாம் ஒரு நிமிஷம் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

"நீ திருகும்மா"ன்னு மவுஸை அவகிட்ட குடுத்துட்டேன். நான் சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தை மேல தள்ளி வெச்சேன். அவ ஒரிஜினலை ஒரு தடவை கேட்டா, எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினா. எனக்கு ரொம்ப நேரம் எந்த மாற்றமும் தெரியலை.

"இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா. பிடிச்சுக்கோ, விடாத."