எண்ணெய் மேல் சுண்ணாம்பு நிற்காது

போகிக்கு ஒரு வாரம் முன்பே காத்திவாக்கத்தில் வீடுகள் தலைகீழாகிவிடும். பரணிலிருந்து அண்டா குண்டான் இறங்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் நீலம் கலந்து வெள்ளையடிப்போம். மட்டை பிடிப்பது என் வேலை.

2024-ல் எங்கள் வீட்டை அப்படியே விட்டுவிட்டு எர்ணாவூர் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். முந்தின டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கருப்புக் கோடு போட்டிருந்தது. அதன் மேல் சுண்ணாம்பு நிற்குமா? சோப்புத்தூள், மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கொத்தனாரை வைத்துப் பூச்சைச் செங்கல்வரை கொத்தி எடுத்தோம்.

பாய், தலையணையைப் போகியில் கொளுத்தவும் பயம், எண்ணெய் ஊறியதாயிற்றே. "அண்ணே, இந்தப் பெட்டியை மட்டும் போட்டுடாதீங்க" என்றாள். மறைந்த மச்சான் துறைமுக வேலையில் இருந்தபோது வாங்கிய தகரப் பெட்டி. உள்ளேயிருந்த கல்யாணப் புடவையை மூன்றாம் முறையாக அலசிக்கொண்டிருந்தாள்.