லால்பாக்கில் அரை மணி

"காற்று வாங்கப் போக எனக்கு எங்கே நேரம்?" என்று கேட்காத குடும்பப் பெண் உண்டா, சொல்லுங்கள்! சென்ற மாதம் வரை நானும் அப்படிக் கேட்டவள்தான். அக்காவுக்காகப் பெங்களூர் போய் வந்த பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

அக்காவின் பெண் டெலிபோனில் கூப்பிட்டாள். "சித்தி, அப்பா போனதிலிருந்து அம்மா வாசல்படி தாண்டுவதில்லை. கோலம்கூடப் போடுவதில்லை" என்றாள். எனக்குப் பகீரென்றது. அக்கா கோலத்துக்குப் பேர்போனவள்; மார்கழியில் தெருவே நின்று பார்க்கும். அன்றிரவே ரயில் ஏறினேன்.

"முழங்கால் வலி, என்னை விடு" என்றாள் அக்கா. நான் விடவில்லை. மெட்ரோ ரயிலில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால், தோட்டத்தின் மேற்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர். "இவ்வளவும் நடக்க வேண்டுமா?" என்று மலைத்தாள். வேண்டவே வேண்டாம்! முதல் நாள், 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை வரைதான் போனோம். ஒரு பெஞ்சியில் பத்து நிமிஷம் இருந்துவிட்டுத் திரும்பினோம். அக்கா வாய் திறக்கவில்லை. மறுநாள் ஏரிக்கரை. "நாரை!" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

மூன்றாம் நாள் பாறைக்குப் போனோம். கெம்பே கௌடர் கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு! மேலே ஏறாமல் அடிவாரத்திலேயே உட்கார்ந்தோம். பாறையில் நெளிந்தோடும் வரிகளை அக்கா விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "நாற்பது வருஷம் அவரோடு வாழ்ந்ததையே ஒரு யுகம் என்று நினைத்தேனடி!" என்றாள். பிறகு அழுதாள். நான் தடுக்கவில்லை.

இது வெறும் மனப்பிரமை என்று எண்ணாதீர்கள். 2014-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்ததில், உட்கார்ந்திருக்கும்போது தோன்றுவதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் அதிகம் தோன்றினவாம். நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் சற்று நேரம் அது நீடித்ததாம். 2019-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சிக்கு இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை விசாரித்திருக்கிறார்கள். வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கையின் நடுவே கழித்தவர்கள், அறவே போகாதவர்களைவிட நலமாகவும் மனநிறைவாகவும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நாளில் போனாலும், நாலைந்து நாளாகப் பிரித்துக்கொண்டாலும் சரிதானாம். தினம் அரை மணி, வாரம் நாலு நாள், கணக்கு தீர்ந்தது!

உங்கள் ஊரில் லால்பாக் இல்லாவிட்டால் என்ன? கோயில் நந்தவனமோ, பூங்காவோ, ஏரிக்கரையோ போதும். சமமான பாதையாகவும், நடுவில் உட்கார இடமுள்ளதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். துணைக்கு வருபவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அவரைப் பேச வைக்கப் பாடுபடாதீர்கள்.

நான் ஊர் திரும்பும் நாள் விடியற்காலை, பால் வாங்கக் கதவைத் திறந்தேன். வாசலில் அக்கா குனிந்திருந்தாள். புள்ளிகளைச் சுற்றி நெளிநெளியாக ஓடின கோடுகள். எங்கோ பார்த்த வரிகள்! அருகில் போனேன்.

"நில்லடி! மிதித்துவிடாதே. இன்னும் முடியவில்லை" என்று அதட்டினாள் அக்கா.